தனிமையும் வலிமையும்

2021ஆம் ஆண்டுப் பொங்கல் நாள்களில் மதுரைப் பழங்காநத்தத்து இளைஞரிடையே இரண்டு செய்திகள் மிகுதியாகப் பேசப்பட்டன. ஒன்று, அண்டையிலுள்ள அவனியாபுரத்துச் சல்லிக்கட்டு. மற்றொன்று, ஆஸ்திரேலிய நாட்டின் பிரிஸ்பேன் நகரில் நடைபெறவிருந்த கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டம். முன்னது சனவரி 14ஆம் நாள். பின்னது அதற்கு மறுநாள் தொடக்கம். காளைக்கும் கிரிக்கெட்டுக்கும் யாதொரு உறவும் இல்லை. ஆயினும் அவ்வாண்டில் அவ்விரண்டையும் ஒரே கயிறு பிணைத்திருந்தது. கொரோனா நோய்த் தடுப்பு விதியே அக்கயிறு. அவனியாபுரத்தில் மாடு பிடிப்போர் 300 பேருக்கு மேற்படலாகாது; அவர்கள் நோயற்றவர் என்பதற்கு மருத்துவச் சான்று காட்டவேண்டும்; காண்போர்க்குரிய இடத்தில் பாதியே நிரம்பலாம் என்பது அரசின் ஆணை. பிரிஸ்பேனிலோ, ஆட்டக்காரர் ஆடுகளத்தையும் தங்கும் விடுதியையும் தவிர வேறெங்கும் செல்லலாகாது என்பது அந்நாட்டு மாநில அரசின் கட்டளை.

தேநீர்க் கடை வாயிலிலும், மாலையில் பந்தாடும் திடலிலும் இதுபற்றி எழுந்த வாதத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. “நம் வீரர்கள் என்ன கைதிகளா? அவர்கள் வந்து இறங்கியபொழுதே பதினான்கு நாள் ஒதுங்கி இருந்தார்கள். இன்னும் எத்தனை முறை அடைத்து வைப்பது? அடிபட்டு மெலிந்திருக்கும் அணியை அறைக்குள் பூட்டினால் எஞ்சிய வலிமையும் போய்விடும். பிரிஸ்பேனுக்குப் போகாமலே திரும்பிவிடலாம்” என்றது ஒரு கட்சி. மற்றொரு கட்சியோ, “சென்ற சித்திரையில் அழகரே வைகையில் இறங்கவில்லை. மீனாட்சி திருமணம் அடியார் கூட்டமின்றிக் கோயிலுக்குள்ளேயே நடந்தது. ஆட்டக்காரர் சில நாள் அறைக்குள் இருந்தால் என்ன குறைந்துவிடும்?” என்று கேட்டது.

அழகரை எடுத்துக்காட்டிய பேச்சு சொல்லழகுக்காகப் பேசிய பேச்சன்று. தமிழ்நாட்டில் கொரோனா நோயால் நேர்ந்த முதல் மரணம் 2020 மார்ச்சு 25ஆம் நாள் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலேதான் நிகழ்ந்தது. அவ்வாண்டு சூன் 24 முதல் சூலைத் திங்களின் இடைப்பகுதிவரை மதுரை மாநகரம் மீண்டும் கடுமையாக அடைக்கப்பட்டது. தூங்கா நகரம் என்று பெயர் பெற்ற ஊர் பட்டப்பகலில் உறங்கிக் கிடந்தது. அந்நாள்களைக் கண்டவர்கள், ஒதுங்கியிருத்தல் எத்துணைத் துன்பம் என்பதையும், ஒதுங்காதிருத்தல் எத்துணைக் கேடு என்பதையும் ஒருசேர அறிந்தவர்கள். ஆதலின் இவ்வாதம் வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளத்தக்கதன்று.

ஒதுக்கி வைத்தல் என்னும் முறை நேற்றுத் தோன்றியதும் அன்று. 1377ஆம் ஆண்டிலேயே அட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள ரகுசா என்னும் துறைமுக நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் ஒரு திங்கள் ஒதுங்கியிருந்த பின்னரே நகருக்குள் புகலாம் என்று சட்டம் செய்தது. பின்னர் அந்த முப்பது நாள் நாற்பது நாளாயிற்று. மேலைநாட்டினர் இம்முறைக்கு வழங்கும் பெயரே, வெனிசு நகரத்தார் மொழியில் நாற்பது என்னும் எண்ணிலிருந்து பிறந்ததாகும். தமிழரும் இதனை அறியாதவர் அல்லர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற தொழிலாளர்கள் இராமேசுவரத்துக்கு இப்பாலுள்ள மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோயில்லை என்று கண்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டார்கள். அவர்களுக்காக வாதாட அன்று எந்தத் தேநீர்க் கடையிலும் கூட்டம் கூடவில்லை என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

இனிப் பிரிஸ்பேன் கட்டளையின் காரணம் யாது? 2020 திசம்பரில் சிட்னி நகரின் வடபுறக் கடற்கரைப் பகுதியில் நோய் மீண்டும் தலைகாட்டியது. பிரிஸ்பேனைத் தலைநகராகக் கொண்ட குயின்ஸ்லாந்து மாநிலம், சிட்னி மக்களுக்குத் தன் எல்லையை அடைத்தது. மூன்றாம் டெஸ்ட் ஆட்டம் நடந்ததோ அதே சிட்னியில். சனவரி 8ஆம் நாள், ஒதுக்கி வைக்கும் விடுதி ஒன்றில் துப்புரவுப் பணி செய்த ஒருவருக்குப் புதுவகை நோய் கண்டதனால், பிரிஸ்பேன் நகரமே மூன்று நாள் அடைக்கப்பட்டது. ஒரே ஒரு நோயாளிக்காக ஒரு பெருநகரம்! வெளிநாடுகளில் சிக்கிய ஆஸ்திரேலியக் குடிமக்கள் பல்லாயிரவர் தம் சொந்த நாட்டுக்குத் திரும்ப இடம் கிடைக்காமல் அப்பொழுது காத்திருந்தனர். அந்நாட்டுத் தாய் ஒருத்தி தன் மகனைக் காணக் காத்திருக்கையில், பந்தாட வந்தவர்க்கு மட்டும் வழிவிடுதல் எங்ஙனம் முறையாகும்? வீரர் என்பதனால் விதி வளையவேண்டும் என்ற முதற் கட்சியாரின் வாதம் இவ்விடத்தில் நிற்க வலியின்றி வீழ்கின்றது.

எனினும் அவர்கள் கூறியவற்றுள் நியாயமே இல்லை என்று கூறுதல் பிழை. பிரிஸ்பேன் ஆட்டத்தைக் காண மக்கள் கூட்டம் கூட்டமாய் வரலாம். இருக்கைகளில் பாதி நிரம்பலாம். ஆடுவோர் மட்டும் அறைக்குள் கிடக்கவேண்டும் என்பது நெருடலான ஏற்பாடுதான். இந்தியக் கிரிக்கெட் வாரியம் சில தளர்வுகளைக் கேட்டு எழுதியதில் தவறில்லை. அடைத்து வைப்போர் அடைபட்டவரின் நலம் பேணக் கடமைப்பட்டவர். வேளைக்கு உணவும், உடல் முறுக்கேற்றப் பயிற்சிக்கூடமும், தோழரோடு ஒருசிறிது உரையாட இடமும் கேட்பது விதியை மீறுதல் ஆகாது. விதியை நீக்குக என்பது வேறு. விதியை மனிதத்தன்மையோடு நடத்துக என்பது வேறு. வாதாடிய இளைஞருள் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பினர்.

அவர்கள் குழப்பிய மற்றொன்று, வலிமை என்னும் சொல்லின் பொருள். அணியின் வலிமையாவது புகழ்பெற்ற பதினொருவரின் பெயர்ப்பட்டியல் என்று அவர்கள் எண்ணினார்கள். அப்பட்டியலைக் கையில் வைத்துப் பார்த்தால் அச்சம் எழுவதில் வியப்பில்லை. முதல் ஆட்டத்தில் அடிலெய்டு நகரில் இந்திய அணி 36 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அதன்பின் தலைவர் விராட் கோலி தம் முதற் குழந்தையின் பிறப்புக்காகத் தாயகம் திரும்பினார். முகமது ஷமி கை முறிந்தார். உமேஷ் யாதவ் மெல்போர்னில் கால் நொந்தார். சிட்னியில் ஜடேஜாவும் விகாரியும் அடிபட்டனர். அசுவினுக்கு முதுகு வலி; பும்ராவுக்கு வயிற்றுத்தசை வலி. பிரிஸ்பேனில் பந்து வீச நின்ற ஐவரும் அதற்குமுன் ஆடியிருந்த டெஸ்ட் ஆட்டங்களைக் கூட்டினால் நான்கே வரும். எதிரணியின் நால்வரோ 1000க்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர்கள். மேலும், பிரிஸ்பேன் களத்தில் ஆஸ்திரேலியா 1988ஆம் ஆண்டுக்குப் பின் டெஸ்ட் ஆட்டம் எதிலும் தோற்றதில்லை.

இங்கேதான் சிந்திக்கத்தக்க ஒன்று உளது. வழக்கமான காலமாயின், ஒருவர் அடிபட்டால் இந்தியாவிலிருந்து மற்றொருவரை வானூர்தியில் வரவழைப்பார்கள். நோய்க்காலத்தில் அங்ஙனம் வருபவர் பல நாள் ஒதுங்கிக் கிடந்த பின்னரே அணியிற் சேர இயலும். ஆதலின், பயிற்சியின்போது பந்து வீசுவதற்கும் குறுகிய ஆட்டங்களில் ஆடுவதற்கும் அழைத்துச் சென்றவர்களை அனுப்பிவிடாமல் உடன் வைத்துக்கொண்டனர். அவருள் ஒருவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராஜன். மற்றொருவர் சென்னையைச் சேர்ந்த வாசிங்டன் சுந்தர். எந்த விதி அணியை மெலிவிக்கும் என்று பழங்காநத்தத்தில் அஞ்சினார்களோ, அந்த விதியே இவ்விருவரையும் பிரிஸ்பேன் களத்தில் கொண்டுவந்து நிறுத்தியது!

இருவருக்கும் அதுவே முதல் டெஸ்ட் ஆட்டம். முதல் இன்னிங்சில் நடராஜன் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். சுந்தரும் மூன்றை வீழ்த்தினார். பின்னர் இந்தியா 186 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தபொழுது, சுந்தரும் சர்துல் தாக்கூரும் இணைந்து 123 ஓட்டங்கள் சேர்த்தனர். சுந்தர் எடுத்தவை 62. தாக்கூர் எடுத்தவை 67. பந்து வீச வந்தவர்கள் மட்டையால் மானங் காத்தனர் எனலாம். அடுத்து ஆஸ்திரேலியா ஆடுகையில் முகமது சிராஜ் 73 ஓட்டங்கள் கொடுத்து ஐந்து விக்கெட்டுகளைக் கவர்ந்தார். அந்தச் சிராஜின் தந்தை, அணி ஆஸ்திரேலியா சென்று இறங்கிய சில நாள்களில், 2020 நவம்பர் 20ஆம் நாள் காலமானார். மகன் அப்பொழுது சிட்னியில் ஒதுக்கத்தில் இருந்தார். ஊர் திரும்ப வாரியம் வாய்ப்பளித்தும், அவர் அணியோடு இருக்கவே முடிவு செய்தார். தந்தையின் முகத்தை இறுதியாகக் காணாத அவரிடம் விதி வாங்கிய விலையை எண்ணும்பொழுது, ஒதுங்கியிருத்தலை எளிதென்று பேசிய இரண்டாம் கட்சியாரும் தம் குரலைச் சற்றுத் தாழ்த்தவேண்டியவரே ஆவர்.

ஐந்தாம் நாளாகிய சனவரி 19 அன்று இந்தியா வெல்ல 324 ஓட்டங்கள் தேவைப்பட்டன. நம் நாட்டுக் கணக்கில் விடியற்காலை ஐந்தரை மணியளவிலேயே தொடங்கும் ஆட்டம் அது. சுப்மன் கில் 91 எடுத்தார். புசாரா உடலெங்கும் பந்தடி பட்டும் அசையாது நின்று 56 எடுத்தார். சுந்தர் கடைசி நேரத்தில் வந்து விரைவாக 22 சேர்த்தார். ரிஷப் பந்த் 89 ஓட்டங்களோடு இறுதிவரை நின்று, பந்தை எல்லைக்கு விரட்டி ஆட்டத்தை முடித்தார். மூன்று விக்கெட்டுகள் கையிருக்க இந்தியா வென்றது, தொடரும் இந்தியாவுடையதாயிற்று.

வென்றதனால் விதி நல்லது என்று கூறுதல் பேதைமை. தோற்றிருந்தாலும் அவ்விதி வேண்டற்பாலதே. நோய் ஆட்டத்தின் முடிவைக் கேட்டுப் பரவுவதில்லை. ஆனால் அறைக்குள் இருந்தால் வலிமை குன்றும் என்ற கூற்று மெய்யாகவில்லை என்பதை அவ்வெற்றி காட்டியது. தமிழ்நாட்டு இளைஞர்க்கு மிக நெருக்கமான சென்னை சூப்பர் கிங்ஸ் அணியும் இதற்குச் சான்று. 2020 ஆகஸ்டில் துபாய் சென்ற அவ்வணியைச் சேர்ந்த 13 பேருக்கு நோய் கண்டது. அவருள் இருவர் ஆட்டக்காரர். அவ்வாண்டு எட்டு அணிகளுள் ஏழாம் இடமே கிட்டியது. ஒதுக்கமே அணியைக் கெடுத்தது என்று அன்று அங்காடியெல்லாம் பேச்சு. ஆயின் நோயுற்று நெடுநாள் ஒதுங்கிக் கிடந்த ருதுராஜ் கெய்க்வாட், அதே தொடரின் இறுதியில் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் அரைச் சதம் கடந்தார். மறு ஆண்டு தொடரிலேயே மிகுதியான ஓட்டங்கள் எடுத்தவர் அவரே. அவ்வாண்டுக் கோப்பையும் சென்னைக்கே வந்தது. இடையில், 2021 மே 4ஆம் நாள், காப்பு வளையத்துக்குள் நோய் புகுந்தமையால் அத்தொடர் பாதியில் நின்றதையும் மறத்தலாகாது. விதி உடைந்த இடத்தில் ஆட்டமே இல்லாது போயிற்று. ஆறு நாள் கழித்துத் தமிழ்நாடு மீண்டும் முழு அடைப்புக்குள் சென்றது.

வாதாடியவர்கள் ஆட்டக்காரரைப் பற்றியும் அரசைப் பற்றியும் பேசினார்களேயன்றி, ஆட்டத்தைக் காணும் தம்மைப் பற்றிப் பேசவில்லை. 2021 புத்தாண்டு நாளன்று மெல்போர்ன் உணவகம் ஒன்றில் இந்திய ஆட்டக்காரர் ஐவர் உண்டுகொண்டிருந்தனர். அருகே அமர்ந்த ரசிகர் ஒருவர் அவர்களுக்குரிய பணத்தைத் தாமே செலுத்தி, படமும் எடுத்து ஊரறிய வெளியிட்டார். அன்புதான் காரணம், ஐயமில்லை. அதன் விளைவாக ஐவரும் அணியிலிருந்து பிரித்து வைக்கப்பட்டனர். சோதனையில் எவருக்கும் நோயில்லை என்று தெரிந்தமையால் அவருள் நால்வர் சிட்னியில் ஆட முடிந்தது. ஒருவருக்கு நோய் கண்டிருப்பின் அணியின் வலிமையைக் குலைத்தது அரசின் விதியா, அடியாரின் அன்பா?

பிரிஸ்பேன் வெற்றிக்குப் பின் இரண்டாம் நாள், சனவரி 21 அன்று, நடராஜன் சின்னப்பம்பட்டிக்குத் திரும்பினார். முந்தைய ஆண்டு துபாய் சென்றவர் அங்கிருந்தே ஆஸ்திரேலியா போய்விட்டார்; அவர் மகள் பிறந்தபொழுது அவர் ஊரில் இல்லை. நெசவாளர் குடும்பத்திற் பிறந்து வறுமையில் வளர்ந்த அவரைக் குதிரை பூட்டிய தேரில் ஏற்றி, மேளம் முழங்க, ஊரே திரண்டு அழைத்துச் சென்றது. ஊரார் மகிழ்ச்சிக்கு உரியவர்தாம் அவர். ஆயினும் பல திங்கள்களாக எவரையும் நெருங்காது விதி காத்துத் திரும்பிய அந்த இளைஞரை, தெருக்கொள்ளாக் கூட்டம் தோளோடு தோள் நெருக்கி நின்று வரவேற்றது. இரண்டு திங்களே நிறைந்த குழந்தை ஒன்று அவ்வூரில் தன் தந்தையின் வரவுக்காக இருந்தது.