சும்மா கெடந்த பல்லை நோண்டிக் கெடுத்த கதை

போன சனிக்கிழமை பல் சுத்தம் பண்ணப் போன தங்கமணி, வீட்டுக்கு வரும்போது முகம் பேயறஞ்ச மாதிரி இருந்தது. என்னன்னு கேட்டா, "என் வாயில மூணு பல்லுல பாதரசம் இருக்காம். குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருந்தா உடனே தோண்டி எடுத்துட்டு வெள்ளையா அடைச்சுக்கணுமாம். மூணையும் சேர்த்துப் பண்ணினா டிஸ்கவுண்ட் தர்றாங்களாம்"னாங்க.

பல் வலிக்குதா? இல்ல. அடைச்சது உடைஞ்சிருக்கா? இல்ல. எக்ஸ்ரே எடுத்தாங்களா? அதுவும் இல்ல. பின்ன எதுக்குய்யா தோண்டணும்?

எனக்குக் கோவம் வந்ததுக்குக் காரணம் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி இதே வசனத்தை வேற ஒரு எடத்துல கேட்டு ஏமாந்தவன் நான். எட்டாங்கிளாஸ்ல அடைச்ச கடைவாய்ப் பல். பார்க்க அசிங்கமா, கருப்பாத்தான் இருக்கும். ஆனா முறுக்கு, சீடை, கரும்புன்னு எல்லாத்தையும் கடிச்சுத் தள்ளினேன், ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல. "இன்னமுமா இதை வெச்சிருக்கீங்க?"ன்னு டாக்டர் கேட்டதுல வெக்கமாயிடுச்சு. தலையாட்டிட்டேன். அடுத்த மாசம் பச்சைத் தண்ணி பட்டாலே உயிர் போச்சு. அப்புறம் ரூட் கேனால், அதுக்கு மேல ஒரு கேப். ஓடிக்கிட்டிருக்கிற பழைய கோடைத் தொடாதேன்னு ஆபீஸ்ல புதுப் பசங்களுக்குப் பாடம் எடுக்கறவன், சொந்தப் பல்லுல கோட்டை விட்டேன்.

சரி, அந்தப் பூச்சாண்டிக்கு வருவோம். வெள்ளி அடைப்புன்னு நாம சொல்ற அமால்கத்துல எடைக்குக் கிட்டத்தட்டப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, தகரம், செம்பு. மெல்லும்போது கொஞ்சூண்டு ஆவி வர்றதும் நிஜம்தான். யாரும் மறுக்கலை. அதனால உடம்புக்கு என்ன ஆச்சுங்கிறதுதானே கேள்வி? அமெரிக்காவுல 534 குழந்தைங்க, போர்ச்சுகல்ல 507 குழந்தைங்க. பாதிப் பேருக்கு அமால்கம், மீதிப் பேருக்கு வெள்ளை. அஞ்சு வருஷம், ஏழு வருஷம்னு தொடர்ந்து பார்த்து 2006-ல முடிவைப் போட்டாங்க. அமால்கம் வெச்ச குழந்தைங்க சிறுநீர்ல பாதரசம் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. ஆனா புத்திக்கூர்மை, ஞாபகசக்தி, கவனம் எதுலயும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல.

இப்போ முக்கியமான மேட்டர். 2020 செப்டம்பர்ல அமெரிக்க எஃப்.டி.ஏ. ஒரு அறிவுரை குடுத்தது. கர்ப்பிணிகள், கர்ப்பமாகத் திட்டமிடறவங்க, பால் குடுக்கிற தாய்மார்கள், சின்னக் குழந்தைங்க, கிட்னி கோளாறு இருக்கிறவங்க இவங்களுக்கெல்லாம் முடிஞ்ச வரைக்கும் *புதுசா* அமால்கம் வைக்காதீங்கன்னு. பயமுறுத்தறவங்க இதோட நிறுத்திக்குவாங்க. அதே அறிவுரையில இன்னொண்ணும் இருக்கு: நல்லா இருக்கிற பழைய அடைப்பை மருத்துவக் காரணம் இல்லாம எடுக்காதீங்க. ஏன்னா ட்ரில் போட்டுத் தோண்டும்போதுதான் பாதரச ஆவி கூடுதலா கிளம்பும். கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும். அதாவது, குழந்தைக்கு ஆசைப்படற பொண்ணுகிட்ட "பாதரசம் ஆபத்து"ன்னு சொல்லி, அவ வாயிலயே பாதரசத்தைக் கிளப்பி விடறாங்க. இதை என்னன்னு சொல்றது?

நோயாளிக்கு அலர்ஜி எதுவும் இல்லாதப்போ, விஷத்தை எடுக்கிறேன்னு டாக்டரே யோசனை சொல்லி அமால்கத்தைத் தோண்டறது ஒழுக்கக்கேடுன்னு அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கத்தோட நெறிமுறையே சொல்லுது.

"அப்ப வெள்ளை மோசமா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. புதுசா சொத்தை வந்தா நானும் வெள்ளைதான் கேப்பேன். பல்லோட ஒட்டிக்கும், அதனால நல்ல பல்லைக் கொஞ்சமா சீவினாப் போதும். பார்க்கவும் லட்சணம். ஆனா ஆசிட் தடவி, பசை தடவி, அடுக்கடுக்கா வெச்சு நீல வெளிச்சம் காட்டி இறுக வைக்கணும். இறுகும்போது சுருங்கும். நடுவுல எச்சில் பட்டா அந்த ஒட்டு அவ்ளோதான். கடைவாய்ப் பல்லுல வெள்ளை அடைப்பு தோத்துப் போறது அமால்கத்தைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு 2021-ல வந்த காக்ரேன் தொகுப்பு சொல்லுது. அந்த ஆதாரம் ஒண்ணும் கல்வெட்டு இல்லைன்னும் அவங்களே சொல்றாங்க. இருந்தாலும் "இதுதான் நிரந்தரம்"னு விக்கிறவங்க இதைச் சொல்ல வேணாமா? ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் குழி பெருசாகும். மூணாவது தடவை மாத்தறதுக்குப் பல்லு மிஞ்சணும்ல?

"ஐரோப்பாவுல தடையே பண்ணிட்டாங்களே?" ஆமா, 2025 ஜனவரியிலேருந்து ரொம்ப அவசியம்னாலொழிய அங்க அமால்கம் கிடையாது. 2034-க்குள்ள உலகம் பூரா நிறுத்தணும்னு மினமாட்டா ஒப்பந்த நாடுகளும் 2025 நவம்பர்ல முடிவு பண்ணியிருக்காங்க. நல்ல விஷயம்தான். ஆனா முக்கியக் காரணம் சாக்கடையிலயும் சுடுகாட்டுப் புகையிலயும் போய்ச் சேர்ற பாதரசம். உங்க வாயில இறுகிக் கெடக்கிற பழைய அடைப்பைத் தோண்டச் சொல்லி அதுல எங்கயும் இல்ல.

சிரிச்சாக் கருப்பாத் தெரியுது, பிடிக்கலை, மாத்திக்கிறேன்னு சொன்னீங்கன்னா உங்க பல்லு, உங்க காசு, உங்க இஷ்டம். குறை சொல்ல நான் யாரு? அழகை அழகுன்னே சொல்லி வித்தா எனக்கு ஆட்சேபணை இல்ல. அதை விஷமுறிவுன்னு பேர் மாத்தி, அதுவும் தாயாகப் போறவளோட பயத்தை மூலதனமா வெச்சு விக்கிறதைத்தான் ஃபிராடுங்கறேன்.

நேத்து வேற ஒரு பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்ரே எடுத்து, ஓரத்துல கம்பி வெச்சு நெருடிப் பார்த்துட்டு, "மூணும் கல்லு மாதிரி இருக்கு, தொடாதீங்க. விரிசல் விட்டாலோ அடியில சொத்தை வந்தாலோ அப்ப பார்த்துக்கலாம்"னாரு. வாங்கினது கன்சல்டிங் ஃபீஸும் எக்ஸ்ரே காசும் மட்டும். தங்கமணி ஒரு வாரம் கழிச்சு நேத்து ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கினாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டறவன். வலியோ கூச்சமோ இருந்தா உடனே போய்க் காட்டுங்க. எதுவுமே இல்லாம யாராவது ட்ரில்லைத் தூக்கினா, "இதுல என்ன கெட்டுப் போச்சு, எக்ஸ்ரேயில காட்டுங்க"ன்னு மட்டும் கேளுங்க. வாயைத் திறந்து காட்டறதுக்கு முன்னாடி, வாயைத் திறந்து கேக்கறதுல தப்பே இல்ல :-)