நீதிபதியிடம் பயிற்சி… அனுப்பலாமா?

கேள்வி: ஐந்தாண்டு சட்டம் படிக்கும் என் மகள், வக்கீல் ஆபீசுக்குப் பதில் நீதிபதியிடம் இன்டர்ன்ஷிப் போக ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா. பார் கவுன்சில் விதிப்படி அவர் படிப்பை முடிப்பதற்குள் 20 வாரம் பயிற்சி பெற வேண்டும். மூன்றாண்டுப் படிப்பென்றால் 12 வாரம். தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. நீதிபதியிடம் பெறும் பயிற்சியும் இதில் சேரும்.

வக்கீலிடம் தன் கட்சிக்காரரின் நியாயத்தைத் தேடப் பழகலாம். நீதிபதியிடம் இரு தரப்பையும் படித்து, பழைய தீர்ப்புகளைத் தேடிக் குறிப்பெடுக்கப் பழகலாம்.

சொந்தக்காரர் வழக்கு அங்கே வந்தால் உடனே சொல்லிவிடட்டும். பார்த்த வழக்கு பற்றி வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது. முன்கூட்டியே கசியும் ஒரு வார்த்தை, யாரோ ஒருவரின் சொத்தையோ விடுதலையையோ பாதிக்கலாம். நீங்களும் துருவிக் கேட்காதீர்கள்!