கல்யாணச் சாவும் கருமாதிப் பிண்டமும்



பேரன், கொள்ளுப்பேரன் கண்டு, எண்பது தொண்ணூறு வயது வாழ்ந்து மறையும் பெரியவரின் சாவை நம் மக்கள் கல்யாணச் சாவு என்கிறார்கள். குறையில்லாமல் வாழ்ந்தார் என்பதே அதன் பொருள். அப்படி வாழ்ந்தவர் பிண்டமில்லாமல் கரையேற மாட்டார் என்று புரோகிதர் வந்து உட்காருவது என்ன நியாயம்?

விருத்தாசலத்தையே பாருங்கள். இவ்வூருக்கு விருத்தகாசி என்று பெயர். இங்கே செத்தவர்க்கு முத்தி நிச்சயம் என்று தலபுராணக்காரர்கள் சொல்லுகிறார்கள். அது மெய்யானால், இவ்வூரிலேயே செத்த கிழவருக்கு மணிமுத்தாற்றங்கரையில் பிண்டமும் தட்சணையும் எதற்கு? முத்தி மெய்யென்றால் பிண்டம் வீண். பிண்டம் வேண்டுமென்றால் முத்தி பொய். இரண்டில் எது என்று அவர்களே சொல்லட்டும்.

இன்னொரு சங்கதி. கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றி, மலம் துடைத்தவள் மகள். கொள்ளி வைக்கும் யோக்கியதை மட்டும் அவளுக்கு இல்லையாம்!

தந்தை பெரியார் 1879 செப்டம்பர் 17-இல் பிறந்து 1973 டிசம்பர் 24-இல் மறைந்தார். 94 ஆண்டு வாழ்ந்த அவர், சென்னை பெரியார் திடலில் மந்திரமின்றி அடக்கம் செய்யப்பட்டார். பிண்டம் போடாததால் அவரை யார் மறந்துவிட்டார்கள்?

ஆகவே, உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் படத்திறப்பு வையுங்கள். அவர் பீங்கான் சூளையில் உழைத்தவரானால், எத்தனை பேருக்குத் தொழில் கற்றுக் கொடுத்தார், யாரைப் படிக்க வைத்தார் என்பதை ஊரார் முன் மகளே எழுந்து பேசட்டும். தட்சணைப் பணத்தில் பேத்திக்குப் புத்தகம் வாங்குங்கள். வாழ்ந்தவருக்கு அதுவே மரியாதை. இருப்பவருக்கு அதுவே பிரயோசனம்.