சிடி போடுகிற பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்

தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், ஜவுளிக்கடைப் பையில் ஒரு கேம் கன்சோலைப் போட்டு எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பத்தில் இருக்கும் என் கடைக்கு வந்தார். மகனுக்காக நெய்வேலி நகரியத்தில் ஒருவரிடம் பழசாக வாங்கியதாம். விலை இருபத்தெட்டாயிரம். உள்ளே பதினாலு கேம் இருக்கிறது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். பெட்டியைவிட அந்தப் பதினாலைக் கணக்குப் போட்டுத்தான் பெரியவர் பணத்தை எண்ணிக் கொடுத்திருக்கிறார்.

“தம்பி, கேமெல்லாம் உள்ளதான் இருக்குது. ஒண்ணொண்ணு மேலயும் பூட்டு தொங்குது. ஏதாச்சும் ஐசி மாத்தி எடுத்துக் குடுத்துடு” என்றார்.

டிவியில் மாட்டிப் பார்த்தேன். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. விற்றவர் புதுப் பெட்டி வாங்கி அதில் தன் கணக்கைத் திறந்திருக்கிறார். அந்தக் கணக்கில் வாங்கிய கேம்களெல்லாம் அவரோடு புதுப் பெட்டிக்குக் குடிபோய்விட்டன. பழைய பெட்டியில் படமும் பூட்டும்தான் மிச்சம். அவர் ஏமாற்றினார் என்றும் சொல்ல வாய் வரவில்லை. காசு கொடுத்து வாங்கியதைத்தானே விற்கிறோம் என்று அவரும் நினைத்திருப்பார். இது சால்டரிங் அயர்ன் வைத்துத் திறக்கிற பூட்டு இல்லை என்று பெரியவருக்குப் புரியவைக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. “அப்ப நான் வாங்குனது வெறும் டப்பாவா?” என்று கேட்டுவிட்டுப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்கக் கையருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. குவார்ட்டர்ஸ். என் அப்பா முதல் சுரங்கத்தில் வேலை பார்த்தார். நான் பிறந்து வளர்ந்த டைப் ஒன் வீட்டில் அம்மா வைத்த மாமரம் காய்த்துக் கொட்டியது. அப்பா ரிட்டயர் ஆனதும் சாவியை ஒப்படைத்துவிட்டு வடலூர் பக்கம் வந்துவிட்டோம். மரத்தை யார் பறிக்கிறார்களோ தெரியாது. அதில் எங்களுக்கு வருத்தம் உண்டு, புகார் இல்லை. அது அலாட்மென்ட் வீடு என்பது முதல் நாளே தெரியும். சம்பளத்தில் பிடித்தது சொற்ப வாடகை.

டவுன்லோடு செய்கிற கேமும் அலாட்மென்ட்தான். ஆனால் பட்டா மனைக்கான விலையை வாங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுக்கிறார்கள். என் வழக்கே அவ்வளவுதான்.

விலையைப் பார்ப்போம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. சிடி போடுகிற மாடல் 49,990 ரூபாய், சிடி போட வழியில்லாத மாடல் 39,990. (அதற்குள் போவது சிடியே இல்லை, புளூ-ரே தட்டு. எங்கள் ஊரில் வட்டமாக மினுக்கினால் சிடிதான்.) 2022 நவம்பரில் இரண்டிலும் ஐயாயிரம் ஏறியது. 2024 ஏப்ரலில் ஒல்லி மாடல் வந்தபோதும் அதே 54,990, 44,990. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 2020 நவம்பரில் 49,990க்கு வந்து அதுவும் ஏறத்தான் செய்தது. நின்டெண்டோ ஸ்விட்ச்சை அந்தக் கம்பெனி இங்கே நேரடியாக விற்கவே இல்லை. சென்னையில் ஒரு விலை, புதுச்சேரியில் ஒரு விலை, துபாயிலிருந்து வரும் மச்சான் சொல்வது இன்னொரு விலை.

இருபது வருஷமாக இந்தத் தொழிலில் நான் கண்ட நியதி, எலக்ட்ரானிக்ஸ் சாமான் வயசானால் விலை இறங்கும் என்பது. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000இல் 299 டாலருக்கு வந்தது. 2009இல் அதன் விலை 99 டாலர். 2020இல் 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, ஐந்து வயதை நெருங்கும்போது, 2025 ஆகஸ்டில், 549.99 டாலர் ஆகிவிட்டது. கிழடு தட்டத் தட்ட விலை ஏறும் மாட்டை இப்போதுதான் பார்க்கிறேன். நம் அரசாங்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லலாம்: கன்சோலுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டியை 2019 ஜனவரியிலிருந்து 18 ஆக்கினார்கள். அப்படியும் 54,990இல் சுமார் 8,400 ரூபாய் வரி. ஆனால் வரியைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

எனக்குக் கணக்கு, சிடி போடுகிற மாடலுக்கும் மற்றதுக்கும் உள்ள அந்தப் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் “சிடி எதுக்குண்ணே, எல்லாம் நெட்டுலயே வருதே, பத்தாயிரம் மிச்சம்” என்கிறார்கள். மிச்சமா? ஸ்பைடர்-மேன் 2 மாதிரி ஒரு பெரிய கேம் புதிதாக வரும்போது 4,999 ரூபாய். சிடியாக வாங்குகிற பையன் இருபது நாளில் முடித்துவிட்டு மூவாயிரத்துக்குத் தள்ளிவிடுகிறான், இல்லாவிட்டால் இன்னொருவனின் சிடியோடு மாற்றிக்கொள்கிறான். இப்படி நாலு கேம் கைமாறினால் பத்தாயிரம் திரும்பி வந்துவிடும். நெட்டில் வாங்கியவன் முடித்த கேமை வைத்து அழகு பார்க்கலாம்.

இந்தக் கைமாற்று எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். 1996இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா தன் போனஸ் பணத்தில், மெயின் பஜாரில் 1,350 ரூபாய்க்கு ஒரு டிவி கேம் வாங்கித் தந்தார். பிராண்டு பெயர் எதுவும் அதில் படிக்கிற மாதிரி இல்லை. 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமை அப்படியே காப்பியடித்த சீனத்துப் பெட்டி என்பது தொழிலுக்கு வந்த பிறகு தெரிந்தது. அதைக் கழற்றியதுதான் என் முதல் ரிப்பேர். உள்ளே பார்த்தால் பாதி இடம் காலி. ஒரு சின்ன போர்டு, அதன் நடுவில் தார் சொட்டின மாதிரி ஒரு கறுப்புக் குமிழ், பக்கத்தில் அடாப்டரின் 9 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் 7805 என்கிற மூன்று கால் ரெகுலேட்டர். சின்னத் தகடு ஒன்றில் அதைத் திருகி வைத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் விளையாடினால் தோசைக்கல் மாதிரி சுடும். அது போய்விட்டால் அஞ்சு ரூபாய்க்கு வேறு வாங்கி வைத்தால் பெட்டி உயிர்த்தெழும். காசெட் எடுக்கவில்லை என்றால் எல்லாரும் வாயால் ஊதுவோம். அது தப்பு, எச்சில் ஈரம் பட்டு அந்த அறுபது பின்னும் பச்சை பூக்கும். பென்சில் ரப்பரால் தேய்க்க வேண்டும். இன்றைக்கும் யாராவது பரணிலிருந்து எடுத்து வந்தால் ரப்பரால்தான் தேய்க்கிறேன்.

அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார். அதனால் எங்கள் வீட்டு மரியோ ஊமை. குதித்தாலும் செத்தாலும் சத்தம் கிடையாது. அந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்பதே பக்கத்து வீட்டில் விளையாடப் போனபோதுதான் தெரியும்.

எங்கள் தெருவில் மூன்று வீட்டில் டிவி கேம் இருந்தது. காசெட் மொத்தம் ஒன்பது. கான்ட்ரா யாரிடம், டாங்க் யாரிடம், வாத்து சுடுவது யாரிடம் என்பது எல்லாப் பையன்களுக்கும் மனப்பாடம். ஒரு காசெட் கால்சட்டைப் பையில் ஏறி நகரியத்தின் இரண்டு வட்டம் தாண்டிப் போய், ஒரு மாசம் கழித்து வேறு யாரோ ஒருவனின் பேர் பால்பாயின்ட் பேனாவால் எழுதப்பட்டுத் திரும்பி வரும். மின்வெட்டில் பண்ருட்டியும் விருத்தாசலமும் வியர்த்துக்கொண்டிருந்த 2008க்குப் பிந்தைய வருஷங்களில், கரன்ட் நிற்காத எங்கள் வீட்டுக்கு லீவு விட்டால் சொந்தக்காரப் பிள்ளைகள் பிளேஸ்டேஷன் 2 சிடியோடு வந்து இறங்குவார்கள். கலைஞர் ஆட்சியில் கொடுத்த 14 இஞ்ச் இலவச டிவியின் பின்னால் மஞ்சள் ஒயரைச் சொருகி அதையும் விளையாடிய கூட்டம் இது. அந்தக் காசெட்டும் சிடியும் பெரும்பாலும் திருட்டுப் பிரதி என்பதை மறைக்கவில்லை. என் பங்குக்கு நானும் அவை ஓடுவதற்காகப் பெட்டியில் சிப் வைத்துக் கொடுத்திருக்கிறேன். பெருமைப்படவில்லை. ஆனால் இரவல் கொடுக்கிற பழக்கத்துக்கும் திருட்டுக்கும் சம்பந்தமில்லை. காசு கொடுத்து வாங்கிய நல்ல சிடியும் அதே மாதிரிதான் ஊர் சுற்றியது.

இந்த இரவலை நிறுத்திப் பார்க்க ஒரு முயற்சி நடந்தது. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் வருவதற்கு முன், பழைய சிடியைக் கைமாற்றுவதற்கு மைக்ரோசாஃப்ட் நிபந்தனைகள் வைத்தது. ஜூன் மாதம் சோனி, அரை நிமிடம்கூட வராத ஒரு வீடியோ வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 4இல் நண்பருக்கு கேமை எப்படிக் கொடுப்பது என்று காட்டுகிற வீடியோ: ஒருவர் சிடியை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார், முடிந்தது. உலகமே சிரித்தது. ஜூன் 19ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. அப்படி மார்தட்டிய அதே சோனி 2024 நவம்பரில் 700 டாலருக்குக் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் சிடி போடும் வாயே கிடையாது. வேண்டுமானால் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். (அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாததால் இந்தியாவுக்கு அது வரவில்லை.) தனியாக மாட்டும் டிரைவையும் ஒரு முறை நெட்டில் இணைத்துப் பெட்டியோடு ஜோடி சேர்க்க வேண்டும். நிபந்தனையால் முடியாததை விலைப்பட்டியலால் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ரிப்பேர்காரனாகச் சிடி டிரைவின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அசையும் உறுப்பு அது, தேயும். மந்தாரக்குப்பத்துக் காற்றில் இருக்கும் கரித்தூள் லென்ஸில் படியும். பிளேஸ்டேஷன் 5இன் முதல் மாடலில் டிரைவின் போர்டு அந்தந்த மதர்போர்டுக்கென்று கட்டிப்போடப்பட்டது. வேறு பெட்டியின் டிரைவை எடுத்து மாட்டினால் கேமைப் படிக்காது. நெட்டில் ஆடித் தள்ளுபடியைவிட மலிவாகப் பழைய கேம்கள் சில நேரம் கிடைப்பதும் உண்மை. சிடி கையில் இருந்தால் எல்லாம் பத்திரம் என்பதும் இல்லை. 2014இல் வந்த ‘தி க்ரூ’ என்ற கார் ரேஸ் கேமின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31ஆம் தேதி நிறுத்தியது. சிடி வைத்திருந்தவனுக்கும் அன்றோடு சரி. ஐரோப்பாவில் இதற்கு எதிராகப் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, வெறும் அனுமதியை மட்டும் விற்கிற கடை ‘வாங்குங்கள்’ என்று எழுதினால், அது அனுமதிதான் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம். நம் ஊரிலும் அப்படி ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பெரியவர் பதினாலு கேமுக்குப் பணம் கொடுத்திருக்க மாட்டார்.

நம்மிடமும் ஒரு நல்ல சட்டம் சும்மா கிடக்கிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, ‘வணிக வாடகை’ என்றால் என்ன என்று ஒரு விளக்கம் சேர்த்தார்கள். முறையாக வாங்கிய கம்ப்யூட்டர் புரோகிராமையோ படத்தையோ லாப நோக்கமில்லாத நூலகமோ கல்வி நிறுவனமோ இரவல் கொடுத்தால் அது வணிக வாடகை ஆகாது. அரசு மானியம் பெறும் அல்லது வருமான வரி விலக்கு பெற்ற நூலகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் பல பொது நூலகங்களில் புத்தகத்தோடு கேம் சிடியும் எடுத்துப் போகலாம். 4,999 ரூபாய் கேமை வருஷத்துக்கு இருபது பிள்ளைகள் விளையாடினால் தலைக்கு 250 ரூபாய். நெட்டில் வாங்கிய கேமை எந்த நூலகமும் அலமாரியில் அடுக்க முடியாது.

சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம் 1998இலிருந்து புத்தகக் கண்காட்சி நடத்துகிற ஊர் இது. லிக்னைட் ஹாலில் வருஷா வருஷம் மூட்டை மூட்டையாகப் புத்தகம் வாங்கிப் போகிற சனங்கள் நாம். நகரியத்து நூலகங்களும் பள்ளிக்கூடங்களும் ஓர் அலமாரியை கேம் சிடிக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முடித்துவிட்டு வீட்டில் சும்மா வைத்திருக்கும் சிடியை நன்கொடையாகத் தர ஆள் இருக்கிறது. என் கடைக்கு வரும் பையன்களில் ஆறு பேர் இப்போதே சரி என்றிருக்கிறார்கள். கீறல் விழுந்த சிடிக்குப் பாலிஷ் போட்டுத் தருவது என் பொறுப்பு. கூலி வேண்டாம், பாலிஷ் பேஸ்டுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.