எலுமிச்சை, பூனை, ஆமை

குழந்தைக்குக் கோபம் வந்தால் எல்லோரும் முகத்தைத்தான் பார்க்கிறோம். கொஞ்சம் கீழே பாருங்கள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கும். விரல்கள் மடங்கி முஷ்டியாகியிருக்கும். தாடை இறுகி, வயிறு உள்ளே போய், கால் கட்டைவிரல்கூடச் சுருண்டிருக்கும். 'எனக்குக் கோபம்' என்று சொல்ல வாய் கற்பதற்கு வெகு முன்பே உடம்பு அதைச் சொல்லிவிடுகிறது.

நாமோ அந்த நேரம் பார்த்துத்தான் நியாயம் பேச ஆரம்பிக்கிறோம். "நீதானே பெரியவன், தம்பிக்கு விட்டுக்கொடுத்தா என்னடா?" நியாயம் சரிதான். அதைக் கேட்கிற நிலையில் அவன் இல்லை. அட்ரினலின் ஏறி, நெஞ்சு படபடத்து, ஓடவோ அடிக்கவோ தசையெல்லாம் தயாராக நிற்கிறது. நின்று நிதானித்து யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி, மனிதர்களுக்கு இருபது வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆறு வயதில் அதனிடம் போய் நியாயம் கேட்பதுதான் அநியாயம்.

மனதோடு பேச முடியாதபோது உடம்போடு பேசலாம் என்பதைச் சோதனைச்சாலையில் உட்கார்ந்து ஆராய்ந்தவர்களில் எட்மண்ட் ஜேக்கப்சன் முக்கியமானவர். சிகாகோ மருத்துவர். 1929இல் வந்த அவருடைய புத்தகம் சொல்வது சுருக்கமாக இதுதான்: பதற்றம் இருக்கும் இடத்தில் தசை இறுகியிருக்கும், தசையைத் தளர்த்தத் தெரிந்தவருக்குப் பதற்றத்தையும் தளர்த்த வரும். அவருடைய வழியில் ஒரு சூட்சுமம் உண்டு. 'தளர்த்து' என்று சொன்னால் யாருக்கும் தளர்த்த வராது. முதலில் வேண்டுமென்றே இறுக்க வேண்டும். நன்றாக இறுக்கி, சட்டென்று விட்டால், இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசம் உடம்புக்கே தெரிந்துவிடும்.

பெரியவர்களுக்கான இந்தப் பயிற்சியை, 1974இல் ஆர்லீன் கோப்பன் என்பவர் பிள்ளைகள் விளையாட்டாக மாற்றி எழுதினார். கையில் எலுமிச்சம்பழம் இருப்பதாக நினைத்துக்கொண்டு சாறு முழுவதையும் பிழிய வேண்டும். பிறகு பழத்தைக் கீழே போட்டுவிட வேண்டும். சோம்பேறிப் பூனை மாதிரி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, தலைக்கு மேல் தூக்கி, பின்னால் வளைக்க வேண்டும். ஆமை மாதிரி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். தோள் தானாகக் காதுவரை ஏறும், வெயில் வந்ததும் மெல்ல இறங்கும். கடிக்கவே முடியாத மிட்டாய் ஒன்றைக் கடிக்க வேண்டும். மூக்கில் உட்கார்ந்த ஈயைக் கையால் தொடாமல், மூக்கைச் சுருக்கியே விரட்ட வேண்டும். குட்டி யானை ஒன்று வயிற்றை மிதித்துப் போகப்போகிறது, வயிற்றைக் கெட்டியாக்கிக்கொள்ள வேண்டும். கடைசியில் சேற்றுக்குள் கால்விரல்களை அழுத்திப் புதைக்க வேண்டும். கோபம் போய் உட்காரும் இடங்கள் என்று முதலில் சொன்னேனே, கை, தோள், தாடை, வயிறு, கால்விரல், அத்தனையும் இதில் வந்துவிட்டன.

என் அக்கா பேரன் ஒன்றாம் வகுப்பு. கேரம் போர்டில் தோற்றால் காய்கள் ஜன்னல் வழியாகப் பறக்கும். அவனிடம் இதை நம்மூர்ப்படுத்திச் சொல்லிப் பார்த்தேன். கடினமான மிட்டாய்க்குக் கமர்கட்டு வைத்தேன்; உடனே பிடித்துக்கொண்டான். யானை விஷயத்தில்தான் விசாரணை நீண்டது. "கோயில் யானையா சின்னப்பாட்டி? பாகன் கூட வருவாரா?" வருவார் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் படுத்தான். பூனை அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதை விட்டுவிட்டோம். இதில் வரிசை, பாடத்திட்டம் எல்லாம் வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஒரு குழந்தைக்கு இரண்டு அசைவு பிடித்துப்போனால் அது போதும்.

ஆமை மட்டும் தனிக்கதை. அதே எழுபதுகளில் ஷ்னைடர், ராபின் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஆமையை வைத்தே வகுப்பறை முறை ஒன்றை உருவாக்கினார்கள். சட்டென்று கை ஓங்கிவிடும் பிள்ளைகளுக்கு. ஆத்திரம் வந்ததும் கையையும் காலையும் உடம்போடு ஒடுக்கி, தலையைக் குனிந்து ஓட்டுக்குள் போய்விடுவது. உள்ளே தசைகளைத் தளர்த்திக்கொள்வது. பிறகு வெளியே வந்து 'வேறென்ன செய்யலாம்' என்று யோசிப்பது. படித்ததும் நமக்கு அடக்கமுடைமை அதிகாரத்து ஆமை நினைவுக்கு வராமல் இருக்காது. வள்ளுவர் தன் ஆமைக்கு எழு பிறப்புக்கும் உத்தரவாதம் கொடுத்தார். அமெரிக்கர்கள் கேட்டது அடுத்த ஐந்து நிமிடத்துக்கு மட்டும்தான்.

இறுக்கித் தளர்த்துவது சரி, பூனை மாதிரி உடலை நீட்டுவதில் அப்படி என்ன நடக்கிறது? தசைக்குள், அது எவ்வளவு நீள்கிறது என்பதை அளந்து முதுகுத்தண்டுக்குத் தகவல் அனுப்பும் நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும். மெதுவாக நீட்டி, பத்துப் பதினைந்து விநாடி அப்படியே நிறுத்தினால் அந்த எதிர்ப்பு தணியும். அதனால் குலுக்கிக் குலுக்கிக் குனிவதில் பயனில்லை. இன்னொன்று மூச்சு. உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், வெளியே விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கும். பிள்ளைகளிடம் இது பெரியவர்களைவிடத் தெளிவாகத் தெரியும். கையைத் தூக்கும்போது மூச்சு தானாக உள்ளே வரும், குனியும்போது வெளியே போகும். 'மூச்சைக் கவனி' என்று குழந்தையிடம் சொல்லவே வேண்டாம். குனிந்தபடி வெந்நீர் ஊதுகிற மாதிரி மெல்ல ஊதச் சொன்னால் போதும்.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் நடத்தையைத் திருத்த உடம்பைப் பயன்படுத்துவது நம் பள்ளிகளுக்குப் புதிதில்லை. முட்டி போடு. பெஞ்சு மேல் ஏறி நில். கையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நில். நூறு தோப்புக்கரணம் போடு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்துவிட்டது. என்றாலும் முட்டி போட்ட தலைமுறைதான் இன்று பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கிறது. கையை மேலே தூக்குவது நமக்கு ஆசுவாசமாக ஞாபகம் வருவதில்லை, அவமானமாகத்தான் வருகிறது. எனவே கத்திக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்து "போ, போய் ஸ்ட்ரெச்சிங் பண்ணிட்டு வா" என்று விரல் நீட்டினால், அது பழைய 'முட்டி போடு'தான். பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

தண்டனைக்கும் ஆசுவாசத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஒரு பள்ளி சரியாகப் பிடித்தது. அலி ஸ்மித், ஆத்மன் ஸ்மித் என்ற சகோதரர்களும் அவர்கள் நண்பர் ஆந்த்ரேஸ் கொன்சாலெஸும் 2001இல் அந்த நகரத்தில் ஹோலிஸ்டிக் லைஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஏழ்மையும் வன்முறையும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுப்பது வேலை. ராபர்ட் கோல்மன் தொடக்கப் பள்ளியில் வகுப்பில் சண்டை போட்ட பிள்ளையைத் தண்டனை அறைக்கு அனுப்பாமல், மெத்தையும் மங்கிய விளக்கும் உள்ள ஓர் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒருவர் காத்திருப்பார். என்ன நடந்தது என்று கேட்பார், கூடவே உட்கார்ந்து மூச்சு விடுவார், உடலை நீட்டுவார். அதற்குப் பிறகு பிள்ளை வகுப்புக்குத் திரும்பும். அறையைவிட அந்தக் 'கூடவே'தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதை மந்திரமாக்கிவிடவும் வேண்டாம். அந்த அமைப்பின் பயிற்சியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு நான்கு பள்ளிகளில் 97 பிள்ளைகளிடம் 12 வாரம் சோதித்தது. முடிவு 2010இல் வந்தது. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துக் குமைவது குறைந்திருந்தது. மனச்சோர்விலும் நண்பர்களுடனான உறவிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வு, அடக்கமான முடிவு. எனக்கு அதனாலேயே அதில் நம்பிக்கை வருகிறது. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவன் தினமும் மிரட்டுகிறான் என்றால், அந்தக் கோபத்தை எந்த ஆசனமும் தீர்க்காது, தீர்க்கவும் கூடாது. உடம்பு அடங்கிய பிறகு "என்னாச்சு கண்ணு?" என்று கேட்க ஆள் வேண்டும். அழுகையை நிறுத்தும் பொத்தானாக இதைத் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

பள்ளியில் யோகா சொல்லிக்கொடுக்கலாமா என்ற விஷயத்தில் அமெரிக்கர்கள் நீதிமன்றம்வரை போனது வேடிக்கை. கலிஃபோர்னியாவின் என்சினிடாஸில் பள்ளி யோகா வகுப்பு மதப் பிரசாரம் என்று பெற்றோர் சிலர் வழக்குப் போட்டு, 2013இல் தோற்று, 2015இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். அலபாமா மாநிலம் 1993இல் பள்ளிகளில் யோகாவையே தடைசெய்தது. 2021இல் தடையை நீக்கியபோது, நமஸ்தே சொல்லக் கூடாது, ஆசனங்களுக்கு ஆங்கிலப் பெயர்தான் என்று நிபந்தனை வைத்தது. முதுகு வளைந்தால் சரி, எந்த மொழியில் வளைந்தால் என்ன!

வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. கோபம் இல்லாத நேரத்தில் பழக்குங்கள். பள்ளி விட்டு வந்து பலகாரம் சாப்பிட்டு, வீட்டுப்பாடத்துக்கு உட்காரும் முன் நல்ல வேளை. புயல் அடிக்கும்போது எந்தக் குழந்தையும் புதிதாக எதையும் கற்காது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, நம் தோளை நாம் இறக்கிக்கொண்டால் போதும். இரண்டாவது, கையைக் காலைப் பிடித்து இழுக்காதீர்கள். சில பிள்ளைகளின் மூட்டு அளவுக்கு மீறி வளையும். 'பாரு, எப்படி வளையறான்' என்று பெருமைப்பட்டு மேலும் வளைப்பது ஆபத்து. வலிக்கிறது என்றால் நிறுத்த வேண்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு விண்ணப்பம். உடற்கல்வி பீரியடைக் கணக்கு சாரிடமிருந்து மீட்பது நடக்கும்போது நடக்கட்டும். காலை வழிபாட்டுக் கூட்டம் கையில் இருக்கிறதே? பிள்ளைகளை வரிசையில் ஆடாமல் அசையாமல் நிறுத்தி, நேற்று தாமதமாக வந்தவர்களின் பட்டியலை மைக்கில் வாசிக்கும் நேரத்தில் இரண்டு நிமிடம் எடுத்து, எலுமிச்சை பிழிந்து, கையைத் தூக்கி, மெல்ல ஊதிவிட்டு வகுப்புக்குப் போகச் சொல்லலாம். மேடையில் நிற்கிற தலைமையாசிரியரும் சேர்ந்து செய்ய வேண்டும். அவர் ஆமையாவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.