அவரவர் சீட்டு அவரவர் கையில்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

சென்னைக்குச் சென்று வந்த தோழியர் பலர் மெரினாக் கடற்கரையைப் பற்றியும் விலங்குக் காட்சிச்சாலையைப் பற்றியும் அழகாக எழுதிவிட்டார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது பயணக் கட்டணத்தைப் பற்றி. "இதில் எழுத என்ன இருக்கிறது?" என்று தோழியர் நகைக்கலாம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறை வரையில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

என் ஆச்சிக்கு வயது 74. கண் அறுவை நல்லபடியாக முடிந்தால் பரங்கிமலைக்கு வந்து புனித தோமையாரைத் தரிசிப்பதாக நேர்ந்திருந்தார்கள். நேர்ச்சைப் பயணம் என்றால் நேர்ந்தவர் தம் கைப்பணத்தில்தான் போக வேண்டும் என்பது ஆச்சியின் பிடிவாதம். அதற்கென்றே முட்டை விற்ற காசைப் பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாகச் சுருக்குப் பையில் சேர்த்து வைத்திருந்தார்கள். அப்பாவோ காலத்தோடு ஓடுகிறவர்கள். "சென்னையில் இப்போது யாரும் காசைக் கையில் எடுப்பதில்லை. எல்லாம் போனிலேயே முடிந்துவிடும்" என்று ரயில் ஏறும்போதே சொல்லிவிட்டார்கள்.

அப்பா கூறியது முழுவதும் தவறன்று. சென்னையில் இன்று கட்டணம் செலுத்தப் பல வழிகள் உள்ளன. 2023ஆம் ஆண்டு 'சிங்காரச் சென்னை அட்டை' மெட்ரோ ரயிலில் அறிமுகமாயிற்று. 2025 ஜனவரி முதல் அதே அட்டையை மாநகரப் பேருந்திலும் நீட்டலாம் என்றாயிற்று. அது தேசியப் பொது அட்டை வகையைச் சேர்ந்ததாகையால் பெங்களூர், டெல்லி மெட்ரோ ரயில்களிலும் செல்லும். 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' என்னும் கைப்பேசிச் செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் மின்சார ரயில் ஆகிய மூன்றுக்கும் அதிலேயே சீட்டு எடுக்கலாம். இவை போக, கவுண்ட்டரில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கும் பழைய வழியும் இருக்கிறது. அதுதான் ஆச்சிக்குத் தெரிந்த வழி.

எழும்பூரில் இறங்கிப் பரங்கிமலைக்கு மெட்ரோவில் போனோம். அப்பா நால்வருக்கும் சேர்த்துத் தம் கைப்பேசியிலேயே சீட்டு எடுத்துவிட்டார்கள். ஆச்சி சுருக்குப் பையை அவிழ்த்து, "என் சீட்டுக்கு எவ்வளவுப்பா? இந்தா பிடி" என்றார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, "நீங்க வைங்கம்மா" என்று பையை மூடி இடுப்பில் செருகிவிட்டார்கள். பெற்ற தாயிடம் காசு வாங்குவதா என்ற பாசந்தான் காரணம். ஆனால் ஆச்சியின் முகம் சுண்டிவிட்டது. வண்டியில் என் காதருகே குனிந்து, "அவன் காசுல போனா இது அவன் நேர்ச்சைதானே, ஏட்டி?" என்று கேட்டார்கள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. மறைக்கல்வி வகுப்பிலும் இதைப் பற்றிப் படித்ததாக நினைவில்லை.

மலையில் செபித்து முடித்து, அப்பா எல்லாக் கோணத்திலும் படம் பிடித்து முடித்து, மறுபடி மெட்ரோ ஏறினோம். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி மின்னேற்றம் தீர்ந்து இருண்டுவிட்டது. மெட்ரோவில் நுழையும்போது மட்டுமின்றி வெளியேறும்போதும் சீட்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும். இறங்கிய நிலையத்தில் கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நால்வரும் நின்றோம். கட்டணம் செலுத்தியவர்கள்தாம், ஆனால் செலுத்தியதற்கு அடையாளம் ஒன்றும் கையில் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆச்சி ஓரமாக உட்கார்ந்து செபமாலையை எடுத்துவிட்டார்கள். கல்லூரி மாணவி ஒருத்தி தன் பையிலிருந்து மின்னேற்றும் கருவியை எடுத்துக் கொடுத்தாள். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தோம். இதில் பிறர் குற்றம் ஒன்றுமில்லை. நான்கு பேருடைய பயணத்தையும் ஒரே கருவியில் கட்டி வைத்தது எங்கள் குற்றமே.

அதன்பின் சாந்தோம் பேராலயத்திற்குப் பேருந்தில் போனோம். முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய சாதாரணக் கட்டணப் பேருந்து அது. 2021 மே மாதம் முதல் இத்தகைய நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது வாசகர் அறிந்ததே. நடத்துநர் அம்மாவுக்கும் ஆச்சிக்கும் எனக்கும் இலவசச் சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் கைப்பேசி மீண்டும் அணைந்திருந்தது. சட்டைப் பையில் இருந்ததோ ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள். "இதுக்குச் சில்லறைக்கு எங்கே சார் போவேன்?" என்றார் நடத்துநர். ஆச்சி ஒன்றும் பேசாமல் சுருக்குப் பையை அவிழ்த்து அப்பாவுக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

பேராலயத்தில் ஆச்சி தமக்கு ஆகியிருக்கக்கூடிய கட்டணத்தைக் கணக்குப் பார்த்துக் காணிக்கைப் பெட்டியில் போட்டார்கள். "பஸ்ஸுல இலவசம், சரி. நேர்ச்சை எப்படி இலவசமாகும்?" என்றார்கள்.

ஊர் திரும்பிய பிறகும் இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டணம் செலுத்தும் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது எது விரைவு, எது மலிவு என்று மட்டுமே பெரியவர்கள் பேசுகிறார்கள். அந்த இரண்டிலும் கைப்பேசி வெல்லக்கூடும். வரிசையில் நிற்க வேண்டாம், சில்லறைச் சண்டை இல்லை. ஆனால் வீட்டில் யாரிடம் கைப்பேசி இருக்கிறதோ அவர் மட்டும் பயணியாகவும், மற்றவர்கள் அவர் சுமந்து செல்லும் மூட்டைகளாகவும் ஆகிவிடுகிறார்களே! நம் பள்ளியில் நமக்குக் கைப்பேசி அனுமதி இல்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை. ஆயினும் சென்ட்ரல் போன்ற ஓரிடத்தில் கூட்டம் என்னை அப்பாவிடமிருந்து பிரித்துவிட்டால், என் சீட்டு அப்பாவோடு போய்விடும். கையில் நூறு ரூபாயோ, என் பங்கு அட்டையோ இருந்தால் தங்கியிருக்கும் இடத்திற்கு நானே திரும்பி வந்துவிடுவேன். பெண் பிள்ளைகளைத் தனியே அனுப்ப அஞ்சும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இது பட்டிக்காட்டுப் பேச்சு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். சிங்கப்பூரைவிட நவீனமான நகரம் எது? அங்கே 2024 ஜனவரியில், பெரியவர்கள் பயன்படுத்திவந்த பழைய பயண அட்டைகளை அவ்வாண்டு ஜூன் முதல் நிறுத்திப் புதிய முறைக்கு மாற்றப் போவதாக அறிவித்தார்கள். புதிய முறையில், எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்பது நுழைவாயிலில் தெரியாது. கைப்பேசி போன்றவற்றில்தான் பார்க்க வேண்டும். மக்கள் இதை ஏற்கவில்லை. இரண்டு வாரத்திற்குள் அரசு அம்முடிவைக் கைவிட்டு, பழைய அட்டை முறையைத் தொடர 40 மில்லியன் சிங்கப்பூர் டாலர் செலவிட முன்வந்தது. தம் காசு தம் கண்முன் கழிவதைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட அந்த மக்களும் சுருக்குப் பையை அவிழ்க்கும் என் ஆச்சியும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அட்டையிலும் கைப்பேசியிலும் சீட்டு எடுப்போருக்குச் சென்னை மெட்ரோ 20 சதவீதச் சலுகை அறிவித்திருந்தது. புதிய வழிக்கு மக்களைப் பழக்கச் சலுகை தருவது நல்லதே. ஆனால் கருவி வாங்க வசதி இல்லாதவர்களும் இயக்கத் தெரியாத முதியோரும் கவுண்ட்டரில் நின்று முழுக் கட்டணம் கொடுப்பது எந்த நியாயம்? சலுகை யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கல்லவா முதலில் கிடைக்க வேண்டும்!

அட்டை வேண்டாம், செயலி வேண்டாம் என்று நான் கூறவில்லை. நான்கு நாட்களுக்கு மேல் தங்குவோர், நாள்தோறும் மெட்ரோவில் போவோர் ஆளுக்கோர் அட்டை வாங்கிக்கொள்வது மிகவும் வசதி. ஒரு நாள், இரண்டு நாள் செல்வோருக்குக் கவுண்ட்டர் சீட்டே போதும். கைப்பேசியில் எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தத்தம் பேசியில் எடுக்கட்டும். எவ்வழியில் சென்றாலும் ஒவ்வொருவர் பையிலும் கொஞ்சம் சில்லறை இருக்கட்டும். பேருந்திலும் மின்சார ரயிலிலும் குறைந்த கட்டணம் 5 ரூபாய்தான். அதற்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

மறுநாள் தாம்பரத்தில் உள்ள உறவினர் வீட்டிற்கு மின்சார ரயிலில் கிளம்பினோம். அப்பா கைப்பேசியை எடுக்கவில்லை. ஆச்சி வரிசையில் நின்று, கவுண்ட்டர் துளைக்குள் காசைத் தள்ளி, "தாம்பரம், நாலு" என்று உரக்கக் கேட்டு வாங்கினார்கள். மீதிச் சில்லறையை இருமுறை எண்ணிப் பார்த்தார்கள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தது உண்மை. அந்தச் சீட்டும், சாந்தோம் போன பேருந்தின் இலவசச் சீட்டும் இப்போது ஆச்சியின் செபப் புத்தகத்திற்குள் இருக்கின்றன. பரங்கிமலைக்குப் போன சீட்டு மட்டும் இல்லை. ஆகவே அந்த நேர்ச்சை இன்னும் பாக்கி என்று சொல்லி, பெரிய வியாழனுக்கு முன்பாக மீண்டும் ஒருமுறை சென்னைக்குப் போக முட்டைக் காசைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.