துன் சம்பந்தன் காட்டிய வழி

தேர்தல் வந்தால் தோட்டத்துக்குள் கார்கள் வரும். லயத்து வாசலில் கும்பிடு விழும். தேர்தல் முடிந்தால், “ஆளையே காணோமே!” என்று நாம் பேசிக்கொள்வோம். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரை எதைக் கொண்டு எடை போடுவது? கழுத்தில் விழுந்த மாலைகளைக் கொண்டா? தொழிலாளி காலூன்றி நிற்க என்ன செய்தார் என்பதைக் கொண்டா? துன் வீ.தி. சம்பந்தனின் பொதுவாழ்வை இந்த நோக்கில் இன்று எண்ணிப் பார்ப்போம்.

1919-ஆம் ஆண்டு பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் அவர். தந்தையார் வீராசாமி ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தவர். ஆகவே சம்பந்தன் லயத்துப் பிள்ளையல்ல. கோலகங்சார் கிளிப்பர்ட் பள்ளியிலும், பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1955-இல் ம.இ.கா. தலைவரானார். அதே ஆண்டு பொதுத் தேர்தலில் வென்று தொழிலாளர் அமைச்சரானார். பின்னர் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தந்தி, தேசிய ஒற்றுமை எனப் பல இலாகாக்களைப் பார்த்தார். 1959 முதல் 1974 வரை சுங்கை சிப்புட் மக்களின் பிரதிநிதி.

பதவிகளின் பட்டியல் இதோடு போகட்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் அவரை நினைப்பது வேறொன்றுக்காக.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடிய தோட்டத்தில் பால்மரம் வெட்ட அத்தனை ஆள் வேண்டியதில்லை. வேலை போனது, வேலையோடு லயத்து வீடும் போனது, பள்ளிக்கூடமும் கோயிலும் ஆட்டங்கண்டன. “எங்கே போவோம் சாமி?” என்று நின்ற குடும்பங்கள் எத்தனையோ!

அப்போது, 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய தொழிலாளிக்குப் பத்து வெள்ளி சில நாள் கூலி. அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய், “சேருங்கள்” என்று கேட்டார். 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அடுத்தடுத்துப் பல தோட்டங்கள் சேர்ந்தன. கூலிக்கு மரம் வெட்டியவன் தோட்டத்தின் பங்காளியானான்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். கூட்டுறவால் துண்டாடலை முழுவதும் தடுக்க முடியவில்லை. 1968-இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் தேவை என்றானது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து கப்பலேறினார்கள். அந்த அரசாங்கத்தில் அவரும் ஓர் அமைச்சர். சொந்தக் கட்சிக்குள்ளும் எதிர்ப்பு வளர்ந்து, 1973-இல் தலைமைப் பதவியை விட்டார். 1979-இல் மறைந்தார்.

இன்று லயங்களில் நம்மவர் குறைவு. வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆனால் பழைய கேள்வி மட்டும் தீரவில்லை. தொழிலாளர் வீட்டு வசதிகளுக்கு 1990-இல் இயற்றிய சட்டம் இருக்கிறது. அது முதலாளி தரும் வீடு எப்படியிருக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கவில்லை. வேலை இருக்கும்வரைதான் கூரை. மூன்று தலைமுறை உழைத்த குடும்பமும் வேலை முடிந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டுமா?

ஆகவே தொழிலாளத் தோழர்களே, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரை மாலையோடு அனுப்பிவிடாதீர்கள். உட்காரவைத்துக் கேளுங்கள்: தோட்டம் கைமாறினால் எங்களுக்கு வீடு எங்கே? பள்ளிக்கூடத்துக்கு நிலம் எங்கே? அதை நாடாளுமன்றத்தில் எப்போது பேசுவீர்கள்? பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பங்குக்கும் ஒரு வேலையுண்டு. தாத்தா பாட்டி பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பத்திரம் பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் விசாரியுங்கள். வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு அது. கேட்பாரற்றுப் போகக் கூடாது.